யோனாவின் ஆமணக்கும் நமது வேதாகமமும்

கி.பி. 403ஆம் ஆண்டில் ஹிப்போ நகரத்து ஆயராகிய அகுஸ்தீன், பெத்லகேமில் வாழ்ந்துகொண்டிருந்த ஜெரோமுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். வட ஆப்பிரிக்காவில், இன்றைய திரிப்போலி இருக்கும் இடத்தில், ஓயா என்னும் ஊரில் நிகழ்ந்த ஒரு குழப்பத்தைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. அவ்வூர் ஆயர், ஜெரோம் எபிரெயத்திலிருந்து புதிதாக மொழிபெயர்த்த யோனாவின் புத்தகத்தை ஆராதனையில் வாசிக்கச் செய்தார். தலைமுறை தலைமுறையாகச் சபையாரின் காதுகளில் ஒலித்து, நினைவில் ஊறிப்போயிருந்த ஒரு சொல் அவ்வாசிப்பில் இல்லை. அதன் இடத்தில் வேறொரு சொல் இருந்தது. சபையார் கொதித்தெழுந்தனர். தம் மந்தையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய ஆயர், பழைய சொல்லுக்கே திரும்ப நேர்ந்தது.

அந்தச் சொல் திருத்துவத்தையோ மீட்பையோ பற்றியதன்று. யோனாவின் தலைக்குமேல் நிழல் தந்த செடியின் பெயரே அது (யோனா 4:6). பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு அதைச் சுரைக்கொடி என்றது; ஜெரோம் வேறொரு படர்கொடியின் பெயரை இட்டார். எபிரெயச் சொல் குறிக்கும் செடிக்கு இலத்தீனில் பெயர் இல்லை என்பது அவர் அளித்த விடை. அகன்ற இலையும் விரைந்த வளர்ச்சியும் உடைய அச்செடி ஆமணக்கே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஜெரோமுக்குக் கிட்டாத பெயர் நமது மொழிபெயர்ப்பாளருக்கு வயல் வரப்பிலேயே கிடைத்தது.

இந்நிகழ்ச்சியில் ஒரு முரண் உண்டு. யோனாவின் புத்தகம் எதைப் பற்றியது? தான் அறிந்திருந்த எல்லைக்குள் தேவனுடைய இரக்கம் அடங்கியிருக்கவேண்டும் என்று பிடிவாதம் செய்த ஒரு தீர்க்கதரிசியைப் பற்றியது. நினிவே மனம் மாறியது; தேவனும் தாம் சொல்லியிருந்த தீங்கைச் செய்யாமல் விட்டார்; மாற மறுத்தவன் யோனா ஒருவனே. அவன் நினிவேயின் திரளான மக்களுக்காக இரங்கவில்லை, ஒரு செடிக்காக இரங்கினான். ஓயாவின் சபையாரும் அப்புத்தகத்தைக் கேட்டுவிட்டு, நினிவேயை மறந்து, செடிக்காகவே வழக்காடினர். இதைக் கண்டு நாம் நகைத்துவிட்டு அகன்றுவிட இயலாது. அச்செடியின் நிழலில் நாமும் அமர்ந்திருக்கிறோம்.

பழையது புதியதாயிருந்த காலம்

தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபைகளின் பிரசங்க பீடங்களில் இன்று பெரும்பாலும் வாசிக்கப்படுவது 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பாகும். ஹென்றி பவர் தலைமையேற்க, முத்தையா பிள்ளை துணை நிற்க, பல மிஷன்களின் பிரதிநிதிகள் கூடி உருவாக்கிய நூல் அது. சிறு திருத்தங்கள் தவிர, 150 ஆண்டுகளுக்கும் மேலாக அதன் சொற்களிலேயே நாம் ஜெபிக்கிறோம், ஞானஸ்நானம் பெறுகிறோம், நம்முடைய மரித்தோரை அடக்கம் செய்கிறோம். ஆகவே, தமிழில் வேதம் ஆதிமுதல் இப்படியே இருந்தது என்னும் எண்ணம் சபையாரிடத்தில் மட்டுமன்றி, குருமாரிடத்திலும் வேரூன்றியிருப்பது வியப்பன்று.

ஆயினும் வரலாறு வேறு செய்தியைச் சொல்லுகிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி நிறைவுற்றது. அவர் விட்டுச்சென்ற பழைய ஏற்பாட்டுப் பணியை ஷூல்ட்சே 1720களில் முடித்தார். சென்னையில் ஊழியம் செய்த பாப்ரிசியுஸ் அனைத்தையும் மீண்டும் மொழிபெயர்த்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இலும், பழைய ஏற்பாடு அவர் மறைந்தபின் 1796இலும் வெளிவந்தன. திருநெல்வேலியின் இரேனியுஸ் பொதுமக்களுக்கு விளங்கும் நடையை நாடிப் புதிய ஏற்பாட்டைத் திருத்தி எழுதினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல், சைவப் பெரும்புலவராகிய ஆறுமுக நாவலரின் துணைகொண்டு ஆக்கிய வேதாகமம் 1850இல் வெளிவந்தது. இவற்றுக்கெல்லாம் பின்னரே, பாப்ரிசியுசின் மொழிபெயர்ப்பை அடியொற்றி, ஐக்கிய மொழிபெயர்ப்பு எழுந்தது. முதல் அச்சு தொடங்கி 1871 வரையுள்ள ஏறத்தாழ 157 ஆண்டுகளில் நம் முன்னோர் பன்முறை மாற்றத்தைச் சந்தித்தனர். அதன்பின் வந்த 150 ஆண்டுகளில் பிரசங்க பீடம் அசையவில்லை.

இறைவனைக் குறிக்கும் சொல்லைக்கூட நம் முன்னோர் மாற்றத் துணிந்தனர் என்பது நினைக்கத்தக்கது. சீகன்பால்கு சர்வேசுரன் என்றார். பாப்ரிசியுஸ் பராபரன் என்றார். ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. வானவர் பலருள் ஒருவரையும் குறிக்கக்கூடிய சொல்லாகிய தேவன் என்பது ஒரே கடவுளுக்குப் பொருந்துமா என்ற ஐயம் அந்நாளில் எழாமலில்லை. அந்தப் புதிய சொல்லே இன்று மாற்றக்கூடாத பழைய சொல்லாகிவிட்டது. பாப்ரிசியுசைப் பொன் மொழிபெயர்ப்பு என்று போற்றிய லுத்தரன் சபையார், ஐக்கிய மொழிபெயர்ப்பை நெடுங்காலம் ஏற்க மறுத்தனர். இன்று நாம் எதைப் பழைமையின் பெயரால் காக்கிறோமோ, அதையே பழைமையின் பெயரால் அன்று சிலர் தள்ளினர். ஜெரோமுக்கும் இதுவே நேர்ந்தது. ஓயாவில் கலவரம் மூட்டிய அவருடைய மொழிபெயர்ப்பு பிற்காலத்தில் மேற்கத்தியத் திருச்சபையின் வேதமாயிற்று; 1546இல் திரெந்து சங்கம் அதனையே அதிகாரமுள்ள இலத்தீன் பாடமாக அறிவித்தது.

ஒரு விண்ணப்பமும் அதன் நான்கு முறையீடுகளும்

எனில், மாற்றத்தை எதிர்ப்போர் அனைவரும் அறிவிலிகள் என்று முடிவு செய்யலாமோ? அவ்வாறு செய்வது வரலாற்றுக்கும் அன்புக்கும் முரணாகும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இதற்குச் சான்று. 1820களின் இறுதியில் புதிய மிஷனெரிமாரின் செயல்களை எதிர்த்து அவரும் அவரைச் சார்ந்தோரும் முறையிட்டபோது நான்கு குறைகளை முன்வைத்தனர். பாப்ரிசியுசின் வேத மொழிபெயர்ப்பு மாற்றப்படுவது ஒன்று. சாதி வேறுபாடின்றிச் சபையார் ஒன்றுசேருமாறு வற்புறுத்தப்படுவது மற்றொன்று. பண்டிகை முதலியவற்றில் மலர்கள் விலக்கப்படுவது மூன்றாவது. ஆராதனையில் தமிழிசைப் பாடல்கள் விலக்கப்படுவது நான்காவது.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க இயலாது. தமிழிசையைக் காக்க அவர் எழுப்பிய குரல் நேரியது. அவருடைய கீர்த்தனைகளை இன்றும் பாடும் திருச்சபை, அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பதை ஒவ்வொரு ஞாயிறும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஒரே பந்தியில் அமர்வதை எதிர்த்த குரல் சுவிசேஷத்துக்கு முரணானது. நேரியதும் நேரற்றதும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே மனிதரின் உள்ளத்தில், ஒரே பக்தியோடு இணைந்திருந்தன. பழைமைப் பற்று இத்தகையதே. காக்கத்தக்க செல்வமும் விட்டுவிடத்தக்க பாவமும் அதில் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதே இறையியலின் பணி. மூட்டையோடு எறிவோரும் மூட்டையோடு சுமப்போரும் அப்பணியைத் தட்டிக்கழிக்கின்றனர்.

பெற்றதும் இழந்ததும்

இருபதாம் நூற்றாண்டில் இருமுறை பெரிய முயற்சி நடைபெற்றது. டென்மார்க்கு நாட்டினரான லார்சன் தலைமையில் திருத்தப்பட்ட வேதாகமம் 1930களில் வெளிவந்தது; பின்னர் மோனகன் அதைத் தொடர்ந்து திருத்தினார். தேவன் என்பதற்குக் கடவுள் என்பதை ஏற்ற அத்திருத்தம் இறையியல் மாணவரின் மேசையில் இடம்பெற்றதேயன்றி, சபையாரின் கைகளில் இடம்பெறவில்லை. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒருங்கிணைந்து ஆக்கிய பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வெளிவந்தது. கத்தோலிக்கத் திருச்சபை அதனை வழிபாட்டில் ஏற்றது. நம்முடைய சபைகளிலோ அது பெரும்பாலும் ஒப்புநோக்கும் நூலாகவே நின்றுவிட்டது.

அப்புதிய மொழிபெயர்ப்பில் நாம் பெற்றது யாது? விகுதி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் அவன், அவர் என்னும் வேறுபாடு இல்லை. தமிழில் எழுதுவோர் இரண்டில் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். பழைய மொழிபெயர்ப்பு இறைவனுக்கும் கிறிஸ்துவுக்கும் உயர்வு விகுதியை ஒதுக்கிவைத்து, மற்ற யாவரையும் அவன் என்றும் அவள் என்றும் வழங்கியது. பார்வோனும் அவன், தாவீதும் அவன், எரிகோவின் வழியருகே பிச்சை கேட்ட பர்திமேயுவும் அவன். தேவனுக்குமுன் அரசனும் இரவலனும் ஒன்றே என்னும் சத்தியம் அந்நடையில் உண்டு என்பதை அதன் குறை கூறுவோர் மறந்துவிடலாகாது. ஆனால் நம் ஊர்களில் அவன் என்பதும் அவர் என்பதும் இலக்கணம் மட்டுமல்ல. யாரை எவ்வாறு விளிப்பது என்பதைச் சாதியும் செல்வமும் அளந்து கொடுத்த சமுதாயம் நம்முடையது. வயது முதிர்ந்தோரும் சிறுவர் வாயால் ஒருமையில் அழைக்கப்பட்ட தெருக்களிலிருந்து வந்தோர் நம் சபைகளில் திரளானவர். அவர்கள் பர்திமேயுவின் கதையைக் கேட்கையில், தங்களுக்கு ஊரார் இட்ட விகுதியையே வேதமும் இடக் கேட்டனர்.

திருவிவிலியம் பர்திமேயுவை அவர் என்கிறது. யோவான் 4ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணைப் பழைய மொழிபெயர்ப்பு ஸ்திரீயே என்று விளிக்கையில், புதியது அம்மா என்று விளிக்கிறது. பலர் விலக்கிவைத்த ஒருத்தியிடம் இயேசு தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட காட்சி அது. எவருடைய பாத்திரத்தில் எவர் அருந்துவது என்னும் கேள்வி நம் நாட்டில் கேட்கப்படாததா? அந்தக் கிணற்றங்கரையில் அம்மா என்னும் சொல் ஒலிக்கும்போது, இருபுறமும் நிற்பவர்களுக்கு நடுவிலிருந்த சுவர் தமிழிலேயே இடிகிறது. பழைய நடை யாவரையும் தாழ்மையில் சமமாக்கியது. புதிய நடை யாவரையும் மதிப்பில் சமமாக்குகிறது. இரண்டும் சத்தியமே. ஆனால் ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவருக்கு இரண்டாவது சத்தியத்தைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நற்செய்தி ஆகாது.

இழந்ததையும் மறைத்தல் முறையன்று. 1 கொரிந்தியர் 13:13ஐப் பாருங்கள். அங்கே நிலைத்திருப்பவை மூன்றாகக் கூறப்படுகின்றன. பழைய மொழிபெயர்ப்பில் அவற்றுள் முதலாவது விசுவாசம், இரண்டாவது நம்பிக்கை. திருவிவிலியத்தில் முதலாவது நம்பிக்கை, இரண்டாவது எதிர்நோக்கு. ஒரே சொல் ஒரு புத்தகத்தில் ஒன்றையும் மற்றப் புத்தகத்தில் வேறொன்றையும் குறிக்கிறது. நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்கும் முதியவர் வரவிருக்கும் மகிமையை நினைக்கிறார். இளைஞர் இன்று கர்த்தரைப் பற்றிக்கொள்வதை நினைக்கிறார். இது ஒரு செடியின் பெயர் போன்றதன்று. தலைமுறைகள் ஒன்றையொன்று தவறாக விளங்கிக்கொள்ளும் வாய்ப்பு இங்கே உண்டு. மேலும், மனப்பாடமான வசனம் மரணப் படுக்கையில் தானே நாவில் எழும். புதிய சொற்களுக்கு அந்த ஆற்றல் வர ஒரு தலைமுறையாவது வேண்டும். இவ்விழப்பைக் கணக்கில் எடுக்காமல், புதியதை மேலிருந்து கட்டளையாக இறக்கியோரிடமும் குற்றம் உண்டு. ஓயாவின் ஆயரும் தம் சபையை ஆயத்தப்படுத்தினாரோ என்பது கேட்கத்தக்க கேள்வியே. அகுஸ்தீனின் கவலையும் அற்பமானதன்று. புதிய மொழிபெயர்ப்பால் இலத்தீன் சபைகளும் கிரேக்கச் சபைகளும் வாசிப்பில் பிரிந்துவிடுமோ என்றே அவர் அஞ்சினார்.

யாக்கோபு ஊன்றிய கோல்

இனி, மாற்றத்தை ஏற்கும் துணிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்போம். புதுமையின் மேலுள்ள ஆசையிலிருந்து வரும் துணிவு நீடிக்காது. அடுத்த புதுமை வந்ததும் அது இடம் மாறிவிடும். காலத்துக்கு ஒத்துப்போகவேண்டும் என்னும் வாதமும் போதாது. காலம் பல வேளைகளில் பாவத்தோடும் ஒத்துப்போகிறது. வேதம் காட்டும் ஊற்று வேறு.

அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடிய சங்கம், திருச்சபை சந்தித்த மாற்றங்களுள் மிகப் பெரியதைச் சந்தித்தது. விருத்தசேதனமில்லாத புறஜாதியார் அப்படியே சகோதரராக ஏற்கப்படலாமா என்பதே கேள்வி. பேதுரு தான் கண்டதைச் சாட்சியாகச் சொன்னார். பவுலும் பர்னபாவும் தேவன் செய்தவற்றை விவரித்தனர். இறுதியில் யாக்கோபு ஆமோஸ் தீர்க்கதரிசியின் வாக்கை எடுத்துரைத்தார். அந்த வாக்கை (அப். 15:16-18) நமது வேதாகமத்திலேயே ஆமோஸ் 9:11-12உடன் ஒப்பிட்டு வாசிப்போருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. எபிரெயத்தில் ஏதோமின் மீதியானோர் இஸ்ரவேலுக்குச் சுதந்தரமாவது கூறப்படுகிறது. யாக்கோபின் வாயிலோ மனிதரில் மீதியானோர் கர்த்தரைத் தேடுவது கூறப்படுகிறது. பின்னது செப்துவசிந்தா எனப்படும் கிரேக்க மொழிபெயர்ப்பின் பாடம். எபிரெயத்தில் ஏதோம் என்பதும் ஆதாம் என்பதும் எழுத்தில் மிக நெருங்கியவை. மொழிபெயர்ப்பாளர் அங்கே மனிதகுலத்தையே கண்டனர்.

ஆக, நாமும் நம் மக்களும் விருத்தசேதனமின்றியே தேவனுடைய வீட்டாரானதற்கு அடிப்படையான அத்தீர்மானத்தின்போது, தூய லூக்கா நமக்குக் காட்டும் யாக்கோபு ஊன்றிய கோல் ஒரு மொழிபெயர்ப்பே. வேதவசனம் ஒரு மொழியின் எழுத்துக்குள் கட்டுண்டதன்று என்று ஆதித் திருச்சபை நம்பியிராவிடில், சுவிசேஷம் நம்மை வந்தடைந்திராது. நம் ஆண்டவர் பேசிய அரமேயச் சொற்களில் ஒரு சிலவே சுவிசேஷங்களில் எஞ்சியுள்ளன. ஏனையவற்றை நாம் தொடக்கமுதலே கிரேக்க மொழிபெயர்ப்பாகவே பெற்றிருக்கிறோம். மனுவுருவெடுத்த வார்த்தையானவர் ஒரு காலத்தின் உடலையும் ஒரு நாட்டின் பேச்சையும் ஏற்றார். அவரை நம்புகிறவர்கள், அவருடைய வார்த்தை இன்னொரு காலத்தின் பேச்சை ஏற்கும்போது நடுங்கவேண்டியதில்லை. மாற்றத்தை ஏற்கும் துணிவு மனுவுருவேற்றலின் மேலுள்ள விசுவாசத்தின் கனியாகும்.

ஆனால் இத்துணிவு ஒருமுறை பெற்றதும் என்றும் நிலைத்துவிடும் என்று எண்ணலாகாது. செசரியாவில் கொர்நேலியுவின் வீட்டு வாசலைக் கடந்த அதே பேதுரு, அந்தியோகியாவில் சிலர் வந்தபோது அவர்களுக்கு அஞ்சிப் புறஜாதியாரின் பந்தியைவிட்டு விலகினார் (கலா. 2:11-14). அவருக்குத் தரிசனம் குறைவுபடவில்லை, இறையியல் குறைவுபடவில்லை. யார் என்ன சொல்வார்களோ என்னும் அச்சமே மிகுந்திருந்தது. குருத்துவப் பணியில் இருப்போர் இப்பகுதியை வாசிக்கையில் தங்கள் முகத்தையே அதில் காணக்கூடும். வகுப்பறையில் நாம் ஏற்ற எத்தனை உண்மைகள் சபைக் குழுவின் மேசைமுன் மௌனமாகிவிடுகின்றன!

ஆயர் செய்யக்கூடியவை

இக்கட்டுரை, பழைய மொழிபெயர்ப்பை அடுத்த ஞாயிறே அகற்றிவிடுங்கள் என்று கூறவில்லை. நெகேமியா 8ஆம் அதிகாரம் நமக்கு வழிகாட்டுகிறது. எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது லேவியர் ஜனங்களிடையே நின்று, வாசித்ததன் பொருளை விளங்கச் செய்தனர். அறிஞர் பலர் அதில் அரமேய மொழியில் விளக்கும் வழக்கத்தின் தொடக்கத்தைக் காண்கின்றனர். ஜனங்கள் விளங்கிக்கொண்டனர், விளங்கிக்கொண்டதால் அழுதனர். விளங்காத வாசிப்பு பயபக்தியைத் தரலாம். அந்தக் கண்ணீரைத் தராது.

ஆகவே, வேத ஆராய்ச்சிக் கூட்டங்களில் இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்து வாசிக்கும் பழக்கத்தை உண்டாக்கலாம். விசுவாசம், நம்பிக்கை போன்று பொருள் இடம்பெயர்ந்த சொற்களைப் பிரசங்கத்தில் வெளிப்படையாக விளக்கலாம். ஓய்வுநாள் பாடசாலைச் சிறுவர் ஒரு வசனத்தைப் புதிய மொழிபெயர்ப்பில் கற்கும்போது, அதையே பழைய சொற்களில் தங்கள் பாட்டியிடம் கேட்டு வருமாறு அனுப்பலாம். கற்பித்தல் இருவழியாக நடைபெறும். நோயுற்ற முதியோரின் கட்டிலருகே பழைய சொற்களையே வாசிக்கவேண்டும். அங்கே புதியதைத் திணிப்பது துணிவன்று, கல்நெஞ்சம். ஆனால் அந்தக் கட்டிலைக் காரணம் காட்டி, சபைக்குப் புதிதாக வரும் இளைஞனுக்கும், வேதத்தை முதன்முறை கையிலெடுக்கும் அயலானுக்கும் வாசலை அடைப்பதும் அன்பன்று.

யோனாவின் புத்தகம் விடையின்றி, ஒரு கேள்வியோடு முடிகிறது. செடிக்காக இரங்குகிற நீ, வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு அறியாத இத்தனை மக்களுக்காக நான் இரங்கலாகாதா என்பதே அக்கேள்வியின் சாரம். யோனா என்ன மறுமொழி சொன்னான் என்று வேதம் கூறவில்லை. செடி கொடுத்த நிழல் மெய்யானதே. அதைத் தந்தவரும் தேவனே. அதை வாடச் செய்தவரும் அவரே. நிழலுக்காக நன்றி செலுத்தி எழுந்து, நகரத்துக்குள் நடப்பதற்கான துணிவை அவர் நமக்கு அருள்வாராக.